லாஸ் லூனாஸ் பாறை: நடந்து போய்ப் பார்க்கலாமா, எதை நம்பலாம்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லாஸ் லூனாஸ் ஊருக்கு மேற்கே ஒரு குன்றில், எபிரேய எழுத்தில் பத்துக் கட்டளைகள் செதுக்கிய பாறை இருக்கிறதாமே, சிலர் அது 2,000 ஆண்டுப் பழமை என்கிறார்கள், சிலர் பித்தலாட்டம் என்கிறார்கள், பிள்ளைகளோடு வெயிலில் நடந்து போய்ப் பார்க்கும் அளவுக்கு அதில் விஷயம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வழி கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, அந்தப் பாறையின் முன்னால் போய் நிற்கும்போது எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைத்தான். அதற்கு முதலில் பதில் சொல்கிறேன், நடையைப் பற்றிப் பிறகு. நான் கல்வெட்டியல் படித்தவன். பாறையில் மைப்படி (எழுத்தின் மேல் ஈரக் காகிதம் ஒற்றி மை தடவி எடுக்கும் நகல்) எடுப்பதும், தேய்ந்த எழுத்தைப் படித்துக் காலம் கணிப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. எபிரேய எழுத்தியல் என் துறை அல்ல. அந்த இடங்களில் அத்துறை அறிஞர்கள் சொன்னதை வைத்தே பேசுகிறேன். ஆனால் கல்லில் வெட்டிய எழுத்தைச் சோதிக்கும் முறை எந்த மொழிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் சந்தேகமில்லாதவை. ஹிடன் மவுண்டன் என்று பெயர் பெற்ற குன்றின் சரிவில் ஒரு பெரும்பாறை கிடக்கிறது. எடை 80 முதல் 100 டன் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதன் தட்டையான முகத்தில் ஒன்பது வரிகளில் 200-க்கும் மேற்பட்ட எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. எழுத்து, இன்று அச்சில் நாம் பார்க்கும் சதுர எபிரேயம் அல்ல. அதற்கு முந்தைய தொல் எபிரேய வடிவம். வாசகம் பத்துக் கட்டளைகளின் சுருக்கம், விவிலியத்தின் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் வருவது. இதுவரை அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. படிக்க முடியாத மர்ம எழுத்து என்று சிலர் எழுதுவது சரியல்ல. 1949-லேயே ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஃபைஃபர் இதைப் பத்துக் கட்டளைகள் என்று வாசித்துவிட்டார். மர்மம் வாசகத்தில் இல்லை. யார், எப்போது வெட்டினார்கள் என்பதில்தான் இருக்கிறது.

பதிவாகியிருக்கும் வரலாறு 1933-இல் தொடங்குகிறது. பின்னாளில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பேராசிரியரான ஃபிராங்க் ஹிப்பன் அந்த ஆண்டு இதைப் பார்த்தார். தன்னை அங்கே அழைத்துப் போனவர் 1880-களிலேயே சிறுவனாக இருந்தபோது இதைக் கண்டதாகச் சொன்னார் என்பது ஹிப்பனின் கூற்று. கவனியுங்கள், 1880-கள் என்பதற்கு வேறு ஆதாரம் கிடையாது. அந்த வழிகாட்டியின் பெயரும் பதிவாகவில்லை. எல்லாம் ஹிப்பன் ஒருவரின் வாய்மொழியில் நிற்கிறது. சாண்டியா குகை அகழாய்வில் ஹிப்பன் தந்த சான்றுகளைப் பற்றிச் சக அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கடுமையான சந்தேகம் இருந்துவந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால் அவர் இதில் பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. ஆனால் ஒரே சாட்சி, அந்தச் சாட்சியின் மற்றொரு வேலையின் மீதும் கேள்வி என்றால், 1933-க்கு முந்தைய எதையும் உறுதி என்று நான் எழுதமாட்டேன்.

இனி எழுத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் சுவையான பகுதி இது. பாறைக்குக் கிட்டே போய் இரண்டாம் வரியைப் பாருங்கள். 'என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்க வேண்டாம்' என்ற கட்டளை அங்கே நெருக்கியடித்து நிற்கும். வெட்டியவர் முதலில் அதை விட்டுவிட்டார். பிறகு நினைவு வந்து, வரிகளுக்கு நடுவே இடம் பிடித்துச் செருகியிருக்கிறார். எந்த இடத்தில் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு கூம்புக் குறியும் போட்டிருக்கிறார். பிழைதிருத்தும்போது விடுபட்ட சொல்லுக்கு நாம் போடுகிறோமே, அதே குறி. ஐயப்படுவோர் முதலில் சுட்டுவது இதைத்தான், நவீன எழுத்துப் பழக்கத்தின் கைரேகை இது என்று. பழைய பிரதிகளிலும் செருகல் குறிகள் உண்டு என்று மறுதரப்பு சொல்கிறது. நான் இந்தக் குறியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். விட்டுப்போன வரியைச் செருகுவது எல்லாக் காலத்துக் கல்தச்சரும் செய்ததுதான். ஆனால் இது ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. வெட்டியவர் ஏதோ ஒரு மூலத்தைப் பார்த்தோ மனப்பாடமாகவோ எழுதியிருக்கிறார், பாறையில் முன்கூட்டியே கோடிட்டு அளந்து எழுதவில்லை.

எழுத்தமைதிதான் இதைவிடக் கனமான சான்று. ஒரு காலத்து எழுத்துகள் ஒன்றாகத்தான் வளரும், ஒன்றாகத்தான் மாறும். தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டில் புள்ளி வருகிறதா இல்லையா என்பதை வைத்தே காலத்தை முன்னும் பின்னும் நகர்த்துகிறோம் அல்லவா? ஒரே வரியில் பல நூற்றாண்டு இடைவெளியுள்ள வடிவங்கள் கலந்து வந்தால், வெட்டியவர் அந்த எழுத்தில் வாழ்ந்தவர் அல்ல, ஏதோ எழுத்துப் பட்டியலைப் பார்த்துப் பொறுக்கியவர் என்று ஐயப்படத்தான் வேண்டும். லாஸ் லூனாஸ் பாறையில் தொல் எபிரேய வடிவங்களுக்கு நடுவே கிரேக்க டௌ, டெல்டா போன்ற வடிவங்களும் தெரிகின்றன. சில எபிரேயச் சொற்களில் எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. கிரேக்கத் தாக்கம் இருந்த காலத்து யூதர் அல்லது சமாரியர் (யூதருக்கு நெருங்கிய தனிச் சமயத்தார்) எழுதியது என்பதற்கு இதுவே சான்று என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். படித்தறிந்த ஒருவர் பிற்காலத்தில் அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்தாண்டார் என்பதற்கும் அதே தடயம் அப்படியே பொருந்துகிறது. இதே எழுத்து வகையில் அமைந்த மேசா கல்வெட்டு 1868-இலும் சீலோவாம் கல்வெட்டு 1880-இலும் வெளியுலகுக்குத் தெரியவந்தன. அதற்குப் பிறகு தொல் எபிரேய எழுத்துப் பட்டியல்கள் புத்தகங்களில் பரவலாக அச்சாயின. ஆக, 1930-களில் இந்த எழுத்தைத் தெரிந்துகொள்ள ஒருவர் பாலஸ்தீனத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை, ஒரு நல்ல நூலகம் போதும்.

ஆதரவாளர்களில் மதிப்புக்குரிய பெயர் சைரஸ் கார்டன். எபிரேயம் உள்ளிட்ட செமிட்டிக் மொழிகளில் பெரிய அறிஞர். 1995-இல் இதைச் சமாரியர் வழக்கப்படி அமைந்த கல் என்று வாதிட்டார். சமாரியர்கள் கட்டளைகளைச் சுருக்கிக் கல்லில் வெட்டி வைத்தது உண்மை, அப்படிப்பட்ட கற்கள் கிடைத்திருக்கின்றன. வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. ஆனால் சமாரியர் வடிவத்தின் அடையாளமே அவர்களின் புனித மலையான கெரிசீமில் வழிபடச் சொல்லும் கட்டளை. அது இந்தப் பாறையில் இல்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டென்னசியில் 1889-இல் கிடைத்த பேட் கிரீக் கல்லையும் கார்டன் தொல் எபிரேயம் என்று ஏற்றிருந்தார். அந்த எழுத்து 19-ஆம் நூற்றாண்டில் ஃப்ரீமேசன் என்ற சங்கத்தாருக்காக வந்த நூல் ஒன்றில் உள்ள படத்தோடு பொருந்துகிறது என்று 2004-இல் இரண்டு தொல்லியலாளர்கள் காட்டினார்கள். ஒஹாயோவில் 1860-இல் 'கிடைத்த' நியூவார்க் கற்களில் ஒன்றிலும் பத்துக் கட்டளைகள்தான் இருந்தன. அதையும் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் போலி என்றே கொள்கிறார்கள். அமெரிக்க மண்ணில் எபிரேயக் கல் 'கண்டெடுப்பது' 19-ஆம் நூற்றாண்டில் ஒரு தொடர்கதையாகவே இருந்தது. லாஸ் லூனாஸ் பாறையைத் தனியாக வைத்துப் பார்க்காமல் அந்த வரிசையில் வைத்தும் பார்க்க வேண்டும்.

பாறையின் மேற்பரப்பை வைத்துக் காலம் சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். ஓரளவுக்குத்தான். வறண்ட நிலத்துப் பாறைகளின் மேல் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் களிமண்ணும் சேர்ந்த கரிய படலம் ஒன்று வளரும். வளர்ச்சி மிக மெதுவானது, ஆயிரம் ஆண்டுக்குச் சில மைக்ரான் அளவே இருக்கும். புதிதாக வெட்டிய இடம் வெளிறித் தெரியும், காலம் போகப் போகக் கறுக்கும். ஜார்ஜ் மோர்ஹவுஸ் என்ற நிலவியலாளர் 1985-இல், பக்கத்தில் 1930 என்று தேதியிட்ட கிறுக்கலோடு ஒப்பிட்டு, பத்துக் கட்டளைகள் 500 முதல் 2,000 ஆண்டுப் பழமையாகலாம் என்று மதிப்பிட்டார். பழமை வாதத்துக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுவது இதுதான். ஆனால் எழுத்து துலக்கமாகத் தெரிய வேண்டும் என்று இந்தப் பாறையைக் கம்பித் தூரிகையால் தேய்த்திருக்கிறார்கள், சுண்ணக்கட்டி பூசியிருக்கிறார்கள். தேய்த்த பரப்பையும் தேய்க்காத பரப்பையும் வைத்து நிறம் ஒப்பிடுவது சரியான சோதனை ஆகாது. அதோடு அவர் கொடுத்த வரம்பே நான்கு மடங்கு அகலம். ஒரு கல்வெட்டின் காலத்தை 500-க்கும் 2,000-க்கும் நடுவே எங்கோ என்று சொன்னால், அது தேதி அல்ல. தூரிகை எடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள். ஆனாலும் இந்தப் பாறை தன் வயதைச் சொல்லக்கூடிய ஒரே வழியை அவர்கள் அழித்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

என் முடிவுக்கு மிக வலுவான காரணம் பாறையில் இல்லை, பாறையைச் சுற்றியிருக்கும் மண்ணில் இருக்கிறது. மத்தியதரைக் கடற்கரையிலிருந்து ஒரு கூட்டம் கடல் கடந்து, ரியோ கிராண்டே ஆற்றின் வழியே ஏறி, அதன் கிளையான ரியோ புவெர்கோ வரை வந்து, 200 எழுத்துகளைப் பொறுமையாக வெட்டியது என்றால், அவர்கள் வழியெல்லாம் சமைத்திருப்பார்கள், பானை உடைந்திருக்கும், செத்தவர்களைப் புதைத்திருப்பார்கள், ஓர் ஆணியாவது தொலைந்திருக்கும். அப்படி ஒரு துண்டும் இந்த வட்டாரத்தில் முறையான அகழாய்வில் கிடைக்கவில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நார்ஸ் (வைக்கிங்) கடலோடிகள் அங்கே தங்கியது குறுகிய காலமே. ஆனாலும் எட்டுக் கட்டடங்களின் அடித்தளம், இரும்பு உருக்கிய கசடு, ஆணிகள், நூல் நூற்கும் தக்களி வில்லை, மேலாடையில் செருகும் வெண்கல ஊசி எல்லாம் கிடைத்தன. அங்கே வெட்டிய மரம் 1021-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2021-இல் துல்லியமாகவே கணித்துவிட்டார்கள். மனிதர்கள் வந்தால் குப்பை சேரும். குப்பையே இல்லாத கல்வெட்டை நான் நம்பத் தயங்குவேன்.

ஆக, என் மதிப்பீடு இது: 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1933-க்கும் இடையே, எபிரேயம் ஓரளவு தெரிந்த ஒருவர் வெட்டியது என்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். அது யார் என்பது நிரூபணமாகவில்லை. பக்கத்துக் கிறுக்கலில் உள்ள 1930 மார்ச் தேதியையும் இரண்டு பெயர்களையும் வைத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்தது என்று ஒரு கதை உலவுகிறது. நம்பும்படியாகத்தான் இருக்கிறது, ஆனால் கதை கதைதான், ஆதாரம் அல்ல. அதைத் திருப்பிச் சொல்பவர்களும், பாறை பழமையானது என்று வாதிடுபவர்கள் செய்யும் அதே தவறைத்தான் செய்கிறார்கள்.

அப்படியானால் போவது வீண் அலைச்சலா? இல்லை. ஆனால் அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு பாறையோடு படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அதே குன்றின் உச்சியில் கல் அடுக்கிய கட்டுமானங்களின் இடிபாடுகள் இருக்கின்றன, பாறைச் செதுக்கோவியங்களும் இருக்கின்றன. சந்தேகமற்ற பழமை அங்கேதான் இருக்கிறது. இந்த நிலப்பரப்பு அமெரிக்கத் தொல்குடிகளான புவெப்லோ மக்களின் முன்னோர்கள் வாழ்ந்த நிலம். இஸ்லெட்டா, லகூனா, ஆக்கோமா ஊர்களில் அவர்கள் சந்ததியினர் இன்றும் வாழ்கிறார்கள். அந்தச் செதுக்கல்களில் ஒன்றைக்கூட கி.மு. 107-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின் வான்படம் என்று எபிரேயக் கதையோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. அதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் வரைந்ததை எங்கிருந்தோ வந்தவர்கள் கணக்கில் எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல. உங்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதானால், கீழே உள்ள பாறையைப் பற்றி 'யார் இதைச் செய்திருப்பார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது' என்று கேளுங்கள். மேலே போனதும் 'இவர்கள் இங்கே எப்படி வாழ்ந்தார்கள்' என்று கேளுங்கள். இரண்டுமே நல்ல கேள்விகள்.

இனி நடை. ஆல்புகெர்க்கியிலிருந்து தெற்கே 25-ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்து, லாஸ் லூனாஸில் மாநிலச் சாலை 6-இல் மேற்கே திரும்ப வேண்டும். 1937-க்கு முன்பு பழைய 66-ஆம் எண் சாலை போன பாதை அது. ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் குன்று வந்துவிடும். நிலம் மாநில அறக்கட்டளை நிலம், பூங்கா அல்ல. அதனால் நியூ மெக்சிகோ மாநில நில அலுவலகத்தின் பொழுதுபோக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள், அந்த இடம் அப்போது திறந்திருக்கிறதா என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். இப்படிப்பட்ட நிலங்களை மேய்ச்சலுக்குக் குத்தகைக்கு விடுவது வழக்கம். வேலிக் கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள்.

நடை நீண்டதல்ல, ஆனால் பூங்காப் பாதை போலப் பலகையோ கைப்பிடியோ எதிர்பார்க்காதீர்கள். தடங்கள் பிரிந்து பிரிந்து போகும், கடைசிப் பகுதி சரளைக் கல்லில் ஏற்றம். வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னலை நம்ப வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருப்பதால் குளிர்ந்த காற்றிலும் வெயில் தோலைச் சுடும். தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலில் இடிமழை திரளும். மின்னல் நேரத்தில் குன்றின் மேல் நிற்பது ஆபத்து, உலர்ந்த ஓடைகளில் திடீரென வெள்ளம் வரும், மண்சாலை மழைக்குப் பின் வழுக்கும் சேறாகிவிடும். அந்த மாதங்களில் போவதானால் விடியலில் ஏறி நண்பகலுக்கு முன் இறங்கிவிடுங்கள்.

கிலுகிலுப்பைப் பாம்பு அந்தப் பகுதியில் உண்டு. பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் காரிலேயே சொல்லிவிடுங்கள். கடித்துவிட்டால் கீறவோ, உறிஞ்சவோ, இறுகக் கட்டவோ கூடாது. மோதிரம், கடிகாரம் கழற்றி, கடிபட்டவரை அசையாமல் வைத்து 911-ஐ அழைக்க வேண்டும். உருண்டை முள்கொத்தாகக் காலில் ஒட்டும் சோயா (cholla) என்ற கள்ளியைப் பிடுங்க ஒரு சீப்பு கையில் இருந்தால் உதவும்.

பாறையருகே போனதும் முதல் வரியைத் தேடாதீர்கள். 2006 ஏப்ரலில் யாரோ அதைச் சிதைத்துவிட்டார்கள், இன்று அங்கே தெரிவது தழும்பு. மற்ற வரிகளைப் படிக்க, சூரியன் சாய்வாக விழும் நேரம் ஏற்றது. நேர் வெயிலில் எழுத்து கரைந்துவிடும். வெளிச்சம் போதாவிட்டால் கைபேசி விளக்கைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், ஒவ்வொரு வெட்டும் நிழல் கொண்டு எழுந்து வரும். எழுத்தின் பள்ளத்தைக் கவனியுங்கள்: விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா, உள்ளே நிறம் எப்படி, பக்கத்தில் பாசிப்படலம் வெட்டுக்குள் இறங்கியிருக்கிறதா, வெட்டோடு நின்றுவிட்டதா. பிறகு அதே கண்ணோடு 1930 கிறுக்கலையும் பாருங்கள், மேலே உள்ள செதுக்கோவியங்களையும் பாருங்கள். சுண்ணக்கட்டி, தண்ணீர், தூரிகை, காகித அச்சு எதுவும் வேண்டாம். மைப்படி எடுத்துப் பழகிய நானே சொல்கிறேன், இங்கே படம் மட்டும் போதும். ஒரு சிறு அளவுகோலை அருகில் வைத்து, பல கோணங்களில் எடுங்கள். செதுக்கோவியங்களில் விரல் வைப்பதும் கூடாது, கை எண்ணெய் படலத்தைக் கெடுக்கும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் எல் மோர்ரோ தேசிய நினைவிடத்துக்குப் போங்கள். கிராண்ட்ஸ் ஊரிலிருந்து தென்மேற்கே 53-ஆம் எண் சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். செங்குத்தான மணற்பாறை, அடியில் வற்றாத சுனை. தண்ணீருக்காக ஒதுங்கியவர்கள் எல்லாரும் பாறையில் பெயர் வெட்டிவிட்டுப் போனார்கள். ஸ்பெயின் ஆளுநர் ஹுவான் தெ ஒன்யாத்தே 1605-இல் வெட்டிய வரி, அதற்கும் முந்தைய புவெப்லோ செதுக்கோவியங்கள், 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் படைவீரர்களின் கையெழுத்துகள், எல்லாம் ஒரே சுவரில். தேதியும் பெயரும் தெரிந்த வெட்டுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதைக் கண்ணால் அளக்க அதைவிட நல்ல இடம் அந்த மாநிலத்தில் கிடையாது. ஆனால் அங்கே மணற்பாறை என்பதால் தேய்மானம் வேகம், அந்த அளவை அப்படியே லாஸ் லூனாஸ் பாறைக்குப் பொருத்திவிடாதீர்கள். முடிந்தால் எல் மோர்ரோவை முதலில் பார்த்துவிட்டு லாஸ் லூனாஸுக்கு வாருங்கள், கண் அதற்குள் பழகியிருக்கும்.